மோகனசுந்தரத்தைப் பிடித்த நோய்
‘ரத்தக்கண்ணீர்’ படத்தைப் பற்றி ஓர் அறிவியல் திறனாய்வு

தமிழ்நாட்டில் தொழுநோய் என்றதும் பலர் மனக்கண் முன் வருவது மருத்துவ நூல்களில் உள்ள படம் அன்று, எம். ஆர். ராதாவின் முகம்தான். 1954ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் மோகனசுந்தரமாக அவர் தோன்றிய அந்த முகம், அந்தக் குரல், முடங்கிய அந்தக் கைகள் மூன்று தலைமுறைகளாக மறக்கப்படவில்லை. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, ஊர் ஊராக நாடகமாக நடந்து, பிறகு கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் திரைக்கு வந்த கதை அது. நடிப்புக்காகவும் நையாண்டிக்காகவும் அதைப் பாராட்டாதவர் இல்லை. நாமும் பாராட்டுகிறோம். ஆனால் அந்தப் படம் ஒரு நோயைப் பற்றி நம் மக்களுக்கு என்ன கற்பித்தது என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

கதை எல்லோருக்கும் தெரியும். வெளிநாடு சென்று திரும்பிய பணக்கார இளைஞன் தாயையும் மனைவியையும் புறக்கணித்துக் காந்தாவின் வீடே கதியென்று கிடக்கிறான். தொழுநோய் அவனைப் பிடிக்கிறது, கண் போகிறது, காந்தா விரட்டுகிறாள், தெருவில் அலைகிறான். முடிவில் அவனுடைய உருவம் ஊருக்கு எச்சரிக்கையாகச் சிலையாக நிற்கிறது. ‘இப்படி வாழ்ந்தால் இந்த நோய் வரும்’ என்பதே பார்ப்பவர் மனத்தில் பதியும் பாடம்.

இந்தப் பாடம் சரியா என்று பார்க்க நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. படம் வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டு, 1955இல், வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1946இன் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளை ஆராயத் தொடங்கியிருந்தார். ஆகவே திரையில் ஒரு தொழுநோயும் வேலூரில் வேறொரு தொழுநோயும் ஒரே காலத்தில் காட்டப்பட்டன எனலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலில், நோய் எப்படி வருகிறது? இதற்குக் காரணமான நுண்ணுயிரை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டார். மருந்து உட்கொள்ளாத நோயாளியுடன் நெடுங்காலம் நெருங்கி வாழ்பவருக்கு, பெரும்பாலும் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தெறிக்கும் நுண்துளிகள் வழியாக இது பரவுகிறது. ஒழுக்கத்திற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இந்தக் கிருமி மிகவும் மந்தமானது. ஒன்று இரண்டாகப் பெருக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். உடலில் புகுந்து நோய்க்குறி தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள், சிலரிடம் 20 ஆண்டுகள்கூட ஆகலாம். எனவே காந்தாவின் வீட்டில் செய்த தவறுக்குக் கைமேல் கிடைத்த தண்டனையாக இந்நோய் வர இயலாது. மோகனசுந்தரம் சிறுவனாக இருந்தபோது அவனைத் தூக்கி வளர்த்த யாரோ ஒருவரிடமிருந்தே கிருமி வந்திருக்கலாம்!

அப்படியானால் ஏன் அவனுக்கு மட்டும் வந்தது? இங்குதான் நம் உடலின் தடுப்பாற்றல் கதைக்குள் வருகிறது. இந்தக் கிருமியை எதிர்கொள்ளும் மனிதரில் நூற்றுக்கு 95 பேருக்கு நோயே வருவதில்லை. அவர்களுடைய வெள்ளணுக்கள் கிருமியைச் சத்தமின்றி ஒழித்துவிடுகின்றன. எஞ்சிய சிலரிடம் அந்த எதிர்வினை ஏதோ ஒரு வகையில் குறைபடுகிறது. இந்த வேறுபாட்டில் பிறவியிலேயே அமைந்த கூறுகளுக்குப் பங்கு உண்டு. நல்லவர், தீயவர் என்ற கணக்குக்கு இடமில்லை.

நோய் வந்தவர்களிலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. 1966இல் ரிட்லி, ஜாப்ளிங் என்ற இரு மருத்துவர்கள் இதை ஒரு நிறமாலைபோல் வரிசைப்படுத்தினார்கள். ஒரு முனையில், வெள்ளணுக்களின் எதிர்வினை வலுவாக இருக்கும். அங்கே கிருமிகள் மிகக் குறைவு. தோலில் உணர்ச்சியற்ற ஓரிரு படைகள் மட்டும் தெரியும். மறுமுனையில் அந்த எதிர்வினை இருக்காது. கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகித் தோல் தடிக்கும். வியப்பு என்னவென்றால், இந்த இரண்டாம் வகையினரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் ஏராளமாக இருக்கும். ஆனாலும் பயனில்லை. கிருமி ஒளிந்திருப்பது உயிரணுக்களின் உள்ளே. எதிர்ப்பொருளோ வெளியே சுற்றுகிறது. வீட்டுக்குள் திருடன் இருக்க, தெருவில் காவலரை நிறுத்தியது போன்ற நிலை.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இந்தக் கிருமி நஞ்சு எதையும் சுரப்பதில்லை. நரம்புகளைப் போர்த்தியுள்ள உயிரணுக்களில் அது குடியேறுகிறது. அங்கே அதைத் தாக்க வரும் நம் வெள்ளணுக்களால் ஏற்படும் வீக்கமே நரம்பை நெரித்துப் பெருஞ்சேதம் விளைவிக்கிறது. மருந்து தொடங்கிய பின்னர்கூட எதிர்வினை திடீரெனச் சீறி எழுவதுண்டு. படைகள் சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும், சில நாட்களில் விரல்கள் மடங்கிவிடலாம். வேறு நோய்த்தொற்று, பிள்ளைப்பேறு, கடும் மனவேதனை ஆகியவை இத்தகைய சீற்றங்களைத் தூண்டக்கூடும். ‘மருந்தால்தான் இப்படி ஆயிற்று’ என்று நோயாளி மருந்தை நிறுத்திவிடும் ஆபத்தான கட்டம் இது. நிறுத்தக் கூடாது. மருத்துவர் பிரெட்னிசோலோன் என்ற மருந்தையும் சேர்த்துத் தருவார். அதன் வேலை எதிர்வினையைத் தணிப்பது. நோய் எதிர்ப்பு ஆற்றலைக் கூட்டினால் எல்லா நோயும் தீரும் என்று நினைப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

வேலூர், ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளிலும் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட உறவு உண்டு. குரோமியம் உப்பைக் கையாளும் தொழிலாளர் சிலருக்குக் கைகளில் அரிப்பும் வெடிப்பும் தோன்றும். அது தொற்றே அன்று. குரோமியத்தைப் பகையென்று நினைவில் வைத்துக்கொண்ட அதே வகை வெள்ளணுக்கள் செய்யும் வேலை. பார்த்தவுடன் ‘பெருநோய்’ என்று ஒதுங்குவது அறியாமை.

இனி மோகனசுந்தரத்தின் கைகளுக்கு வருவோம். விரல்கள் அழுகி விழும் என்பது பழைய நம்பிக்கை. பிராண்டும் அவருடைய குழுவினரும் கண்டது வேறு. நரம்பு செத்தபின் வலி தெரிவதில்லை. சூடான பாத்திரம் சுட்டாலும், செருப்பில் ஆணி குத்தினாலும் தெரியாமல் வேலை செய்வதால் புண் மேல் புண்ணாகி விரல் குட்டையாகிறது. மடங்கிய விரல்களை, நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தலாம் என்று வேலூரில் செய்து காட்டினார்கள். உணர்ச்சியற்ற பாதங்களுக்கு மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த செருப்புகள் செய்து தந்தார்கள். நிமிர்ந்த கைகளோடு வேலைக்குத் திரும்பியவர்கள் பலர். படத்தில் இந்த வழி எதுவும் இல்லை. டாப்சோன் மருந்து அப்போதே தமிழ்நாட்டில் பயன்பட்டு வந்தது. அதுவும் கதைக்குள் வரவில்லை.

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். படம் காட்டிய குருட்டுத்தன்மை பொய்யன்று. இமை நரம்பு செயலிழந்தால் கண் மூடாது, உணர்ச்சியும் போனால் கண்ணில் விழுந்த தூசி தெரியாது, பார்வை கெடும். ராதாவின் நடிப்பில் நோயாளியின் தனிமையும் உண்மையாகவே தெரிகிறது. குறை நடிப்பில் இல்லை, நீதியில் இருக்கிறது. பாவத்தின் சம்பளமே நோய் என்பது உலகின் மிகப் பழைய மூடநம்பிக்கைகளுள் ஒன்று. மூடநம்பிக்கைகளை மேடைதோறும் கிழித்தெறிந்த பகுத்தறிவாளர்கள் இந்த ஒன்றை மட்டும் தொடாமல் விட்டதோடு, அதற்கு மறக்கவொண்ணாத ஒரு முகமும் கொடுத்துவிட்டார்கள்.

இது வெறும் கலைக் குறையா? இல்லை. அந்த முகத்துக்கு அஞ்சும் ஒருவர், தன் தோலில் உணர்ச்சியற்ற படையைக் கண்டால் மறைக்கிறார். மறைத்த மாதங்களில் நரம்பு சாகிறது. முடிவில் அவர் கை அந்தப் படத்தின் கைபோலவே ஆகிறது. அச்சுறுத்தும் உருவமே தன்னைப்போல் உருவங்களைப் பெருக்குகிறது! சட்டமும் இந்த அச்சத்திலிருந்து தப்பவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தொழுநோயை மணவிலக்குக்கு ஒரு காரணமாக வைத்திருந்தது. நாடாளுமன்றம் அதை நீக்கியது 2019இல்தான்.

1982 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் குணமாகும். அரசு இலவசமாகத் தருகிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோய் சுருங்கியது என்று 2005இல் இந்தியா அறிவித்தது. ஆனாலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் புதிய நோயாளிகள் நம் நாட்டில் கண்டறியப்படுகிறார்கள்.

‘ரத்தக்கண்ணீர்’ படத்தைப் பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ராதாவுக்காகப் பாருங்கள். ஆனால் முடிவில் வரும் சிலையைப் பார்க்கும்போது, அது ஒழுக்கம் கெட்டவனின் சிலை அன்று, சிகிச்சை கிடைக்காதவனின் சிலை என்று அருகிலிருப்பவரிடம் சொல்லுங்கள். உணர்ச்சியற்ற படை யாருக்கேனும் தோன்றினால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.