பாட்டிலுக்குள் ஆப்பிரிக்கா

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் 2010-ல் யின்கா ஷோனிபாரே ஒரு ராட்சத பாட்டிலுக்குள் நெல்சனின் கப்பலை நிறுத்தினார். இப்போது கிரீனிச்சில் இருக்கிறது. 37 பாய்களிலும் பளிச்சென்று 'ஆப்பிரிக்க' பிரின்ட். குறும்பு இங்கேதான். அந்த டிசைனின் பூர்வீகம், மெழுகு தோய்த்துச் சாயமேற்றும் ஜாவாவின் பத்திக். 19-ம் நூற்றாண்டில் அதை மெஷினில் காப்பியடித்தவர்கள் டச்சுக்காரர்கள். அமோகமாக வாங்கிக் கட்டிக்கொண்டது மேற்கு ஆப்பிரிக்கா. ஆக, 'அசல் ஆப்பிரிக்கா'வே இறக்குமதிதான் என்கிறார்.

நல்ல கிண்டல். ஆனால் பாதிக் கதை. துணி எங்கிருந்து வந்தது என்று கப்பல் சொல்கிறது. கட்டிக்கொண்டவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று சொல்வதில்லை.

நைஜீரியாவின் கழிமுகப் பகுதியில் கலாபாரி என்றொரு இனம். நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன கட்டம் போட்ட மெட்ராஸ் துணியை அவர்கள் 'இஞ்சிரி' என்பார்கள். பெண்கள் அதை எடுத்து, பிளேடால் குறிப்பிட்ட சில நூல்களை மட்டும் அறுத்து உருவிவிடுவார்கள். கட்டங்கள் கலைந்து புது டிசைன் வரும். பெயர், பெலெடே பிடே. விசேஷங்களுக்குக் கட்டுவது. நெய்தவரே வந்து பார்த்தாலும் தன் துணி என்று சொல்லமாட்டார்.

ஷோனிபாரே அடுத்த பாட்டிலில் ஒரு பிளேடையும் போடலாம்.