ராஜாவை எடுத்துக்கொண்டவர்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இசைப் பைத்தியம் பிடித்த தமிழர் யாரிடமும் பிடித்த கலைஞர்களை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். முதல் நாற்காலியில் இளையராஜா உட்கார்ந்துவிடுவார். பேச்சே அதற்குப் பிறகுதான். கொஞ்சம் தேடிக் கேட்பவர்கள் மின்னணு இசைக்கு எம்.ஐ.ஏ.வையும் ஜாஸுக்கு விஜய் ஐயரையும் சேர்ப்பார்கள். மூவரும் தமிழர் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்த்துப் பேசுவது சோம்பேறித்தனம். ஆனால் இசைக்குள்ளேயே ஒரு சங்கிலி இருக்கிறது. ராஜாவின் 'தளபதி' (1991) பாட்டான 'காட்டுக்குயிலு'வை எம்.ஐ.ஏ. தன் 'காலா' (2007) ஆல்பத்தின் முதல் பாட்டில் எடுத்துக்கொண்டார். எம்.ஐ.ஏ.வின் 'கலாங்'கை விஜய் ஐயர் 'ஹிஸ்டாரிசிட்டி'யில் (2009) பியானோ, பேஸ், டிரம்ஸ் மூவருக்கு மாற்றினார். அதற்குச் சற்று முன், 2006இல், நம்மூர் யோகி பி - நட்சத்ரா 'நிழல்கள்' (1980) படத்து 'மடை திறந்து'வின் மேல் ராப் கட்டி 'வல்லவன்' ஆல்பத்தில் வெளியிட்டார்கள்.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: எடுத்த பொருள் புது இடத்தில் வேலை செய்கிறதா, தோரணமாகத் தொங்குகிறதா?

முதலில் ராஜா. அவரும் எடுத்தவர்தான். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக அவர் செய்த 'ஹவ் டு நேம் இட்' (1986) இங்கே பல வீடுகளில் கேசட்டாக இருந்தது. அதில் பாக்கின் தனி வயலின் பார்ட்டிட்டா ஒன்றின் முன்னுரைப் பகுதியை எடுத்து, அதோடு தன் வயலினைப் பேசவிடுகிறார். வி.எஸ். நரசிம்மனின் வில் இரண்டு பக்கத்துக்கும் சரளமாகப் போய்வருகிறது. இருந்தும் பாக்கின் கட்டுமானம் அங்கே அசையவில்லை. ராஜா அதன் மேல் அழகாக எழுதுகிறார், அதைத் திறந்து பார்ப்பதில்லை. தன் சரக்கை மட்டும் வைத்துத் தந்திக் கருவிகளைப் பின்னும் இடங்களில்தான் ஆல்பம் எழுந்து நிற்கிறது. எண்பதுகளின் டிரம்ஸும் பேஸும் நுழையும்போது வயது தெரிகிறது. 2025 மார்ச் 8இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழு வாசித்த 'வேலியன்ட்' சிம்பொனிக்கு வழி போட்டது இந்த ஆல்பம் என்பது உண்மை. வழி போட்டதற்காக மதிப்பெண் கூட்டிப் போட முடியாது.

எம்.ஐ.ஏ.விடம் இரண்டு விதமான எடுத்தல் உண்டு. 'காட்டுக்குயிலு' விஷயத்தில் அவர் செய்தது சுலபமான வேலை. ராஜாவின் பாட்டு படிப்படியாக ஏறும் கொண்டாட்டம். இவர் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சுழலவிட்டார். தமிழ்க் காதுக்குச் சிலிர்க்கும், ஆனால் அந்தச் சிலிர்ப்பு ராஜாவின் கணக்கில் சேர வேண்டியது. அதே ஆல்பத்தின் 'பேர்ட் ஃப்ளூ' வேறு விஷயம். சென்னையில் உறுமிக்காரர்களை வைத்துப் பதிவுசெய்த தாளம் அது. தைப்பூசத்தில் பத்துமலைக்குக் காவடியோடு நடந்தவருக்கு உறுமி எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை: வளைந்த குச்சி தோலில் உரசும்போது வரும் அந்த முனகல், அடிக்கும் முன்பே ஆளை இழுக்கும். ஸ்டுடியோவில் அதை வழித்து மெருகேற்றிவிடுவார்கள் என்றுதான் எதிர்பார்ப்போம். இவர் அந்தக் கரகரப்பை அப்படியே விட்டு, குரலைத் தாளத்துக்குக் கீழே தள்ளினார். லண்டன் நடன மேடைக்காக உறுமி அடங்கிப்போகவில்லை. பாட்டுத்தான் உறுமிக்கு வளைந்துகொடுத்தது. அந்த ஆண்டுகளின் மின்னணு இசையில் இதற்கு இணையாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

விஜய் ஐயர் விஷயத்தில் ரசிகர்கள் பெரும்பாலும் தவறான ஆல்பத்தைத்தான் புகழ்கிறார்கள். தபலாவும், பிரசன்னாவின் கர்நாடகக் கமகம் பேசும் கிட்டாரும் உள்ள 'தீர்த்தா' (2011) நம் காதுக்கு உடனே பிடிக்கும். நாகரிகமான உரையாடல், யாரும் யாரையும் இடிக்கவில்லை, அதுவே குறை. 'கலாங்'கில் இந்தியக் கருவி ஒன்றுகூட இல்லை. மின்னணு இயந்திரம் அடித்த பேஸை இடது கையில் பிடித்துக்கொண்டு அவர் விடாமல் குத்துகிறார். மார்கஸ் கில்மோரின் டிரம்ஸ் அதைத் துண்டு துண்டாக்கி வேறு கணக்கில் அடுக்குகிறது. தாளத்தைப் பிரித்துக் கூட்டும் அந்தப் புத்தி நமக்குப் பழக்கமானது, ஆனால் அடையாள அட்டையை நீட்டுவதில்லை. ('அனீஸி' ஆல்பத்தில் அவரோடு பேஸ் வாசிக்கும் லிண்டா மே ஹான் ஓ மலேசியாவில் பிறந்தவர். பெருமைப்படலாம், தீர்ப்பில் அது சேராது.)

யோகி பி-யை விட்டுவிட முடியாது. கோலாலம்பூர்த் தெருத் தமிழ் தலைநிமிர்ந்து ராப் பேசலாம் என்று காட்டியதில் அவர்களை மிஞ்ச மூவராலும் முடியாது. இசையாகப் பார்த்தால் 'மடை திறந்து'வின் பல்லவி வரும்போதெல்லாம் ராப் ஒதுங்கி வழிவிடுகிறது. பாட்டைத் தாங்குவது ராஜாதான். ஆல்பத்தின் மற்ற பாட்டுகளில் அவர்கள் தங்கள் காலிலேயே நிற்கிறார்கள்.

என் வரிசை இது: 'ஹிஸ்டாரிசிட்டி', மயிரிழை வித்தியாசத்தில் 'காலா', பிறகு 'ஹவ் டு நேம் இட்', அதன்பின் 'வல்லவன்', கடைசியில் 'தீர்த்தா'. பிரிக்ஃபீல்ட்ஸில் ராஜாவை மூன்றாவதாக வைத்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்க முடியாது என்று தெரியும். அவருடைய திரைப்பாடல்களைப் பட்டியலில் சேர்த்தால் இந்தப் போட்டியே கிடையாது. ஆனால் நான் எடைபோட்டது, இன்னொருவர் சரக்கைக் கையில் எடுத்தபோது யார் அதை உள்ளே புகுந்து மாற்றினார் என்பதை. அதில் ராஜா பாக்கிடம் காட்டிய பணிவை, ஐயர் எம்.ஐ.ஏ.விடம் காட்டவில்லை.