கருப்பு விட்டது, அச்சம் விட்டதா?

மனிதன் ஓநாயாக மாறுவான் என்று ஐரோப்பா ஒருகாலத்தில் நம்பிற்று. ஜெர்மனியில் பீட்டர் ஸ்டம்ப் என்னும் குடியானவனை ஓநாய் மனிதன் என்று கூறி 1589-இல் வதைத்துக் கொன்றனர். அங்கேதான் அந்த மடமை என்று நகைத்துவிட முடியுமா? நாய் ஊளையிட்டால் சாவு வருமென்று நடுங்குவோர் நம் அமிர்தி மலையடிவாரத்திலும் உளர்.

அந்த நடுக்கத்தையே முதலாக்கி எழுந்தது ‘விடாது கருப்பு’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, 1990-களில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையைச் சேர்ந்தது. ஊரில் கொலைகள் நிகழ்கின்றன. குற்றவாளிகளைக் காவல் தெய்வம் கருப்பு தண்டிக்கிறது என்கிறது ஊர். கொன்ற கை தெய்வத்தின் கையன்று, பிளவுண்ட மனங்கொண்ட மனிதன் ஒருவனின் கை என்று பின்னர் விளங்குகிறது. அருள் என்றதை நோய் என்று காட்டிய துணிவைப் பாராட்டுகிறோம்.

ஆனால் தோழர்களே, கணக்கு அத்துடன் தீர்ந்ததா? வாரக்கணக்கில் குளம்பொலி எழுப்பி வளர்த்த அச்சம் எங்கே போகும்? தெய்வத்திடமிருந்து பறித்த அரிவாளை மனநோயாளியின் கையிலன்றோ கொடுத்துவிட்டது தொடர்! மனநோயாளரில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாதவர், தீங்குக்கு ஆளாகிறவர். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-இல் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டுண்டு, ஓட வழியின்றி வெந்தனர் நோயாளிகள். மாண்டவர் 28 பேர். கொலைகாரர்களா அவர்கள்? பூட்டியவர் கைகளை இயக்கியது எது? அச்சமும் அறியாமையும் அல்லவா!

சாமியைக் கண்டு நடுங்கியவன் நோயாளியைக் கண்டு நடுங்கினால், அச்சம் ஆளை மாற்றிக்கொண்டது, அவ்வளவே. அவன் சங்கிலியை அவிழ்த்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாளே அறிவு வென்ற நாள்.