சேய்மை விளியும் பெரிய எழுத்தும்

பெண்ணாடம் ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் 'ஏன்யா கத்துற?' என்று கேட்பதில்லை. அதே பெரிய எழுத்தில் ஒரு நண்பர் கைபேசியில் ஆங்கிலச் செய்தி அனுப்பினால் காது வலிக்கிறது. எழுத்து ஒன்றுதான். காது ஏன் மாறிப்போகிறது?

எழுத்துக்குள் சத்தம் எதுவும் இல்லை. கி.பி. 113-இல் ரோமில் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் வாசகம் முழுக்கப் பெரிய எழுத்துதான். அதை இன்றும் எழுத்தழகின் இலக்கணமாகக் கொள்கிறார்கள். சிறிய எழுத்து ஒழுங்குபட்டது எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சார்லமேன் காலத்தில். சிறியது பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் பெரியது 'பெரியது' ஆயிற்று. குறிகள் வித்தியாசத்தால் மட்டுமே பொருள் கொள்கின்றன என்று சசூர் சொன்னது இதைத்தான். 2013 ஜூலையில் இந்தியாவில் நிறுத்தப்பட்ட தந்தியும் பெரிய எழுத்தில்தான் வந்தது. தந்தி என்றாலே வீட்டில் அழுகை எழும்; ஆனால் எழுத்து கத்துவதாக யாரும் குறைப்பட்டதில்லை. அங்கே தேர்வு இல்லை. இரண்டும் கைவசம் இருக்கப் பெரியதை எடுப்பவன்தான் குரலை உயர்த்துகிறான்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. உடனே 'தமிழ் கத்தாத மொழி' என்று மார்தட்ட வேண்டாம். தொல்காப்பியத்தின் விளிமரபு, அருகில் இருப்பவரை அழைப்பதையும் தொலைவில் இருப்பவரை அழைப்பதையும் பிரித்தே பேசுகிறது. அருகில் இருப்பவருக்குப் பெயர் இயல்பாக நிற்கும். தொலைவில் இருப்பவருக்கு ஓசை நீளும். வரப்பில் நின்று 'தம்பீஇஇ' என்று கூப்பிடுகிறவர் தூரத்தை அளந்துதான் குரலை நீட்டுகிறார். ரயில் நிலையப் பலகையும் சேய்மை விளிதான். ஓடுகிற வண்டியில் இருப்பவனுக்கானது. நண்பரின் செய்தியோ உள்ளங்கையில் இருப்பவனைச் சேய்மை விளியில் கூப்பிடுகிறது. நமக்கு வரும் எரிச்சல் சத்தத்தினால் வருவதன்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம்மை ஒரே வரியில் எட்டத் தள்ளியதால் வருவது.

இதை அதிகாரம் நன்கறியும். 'பெரிய எழுத்துகளில் பூர்த்தி செய்யவும்' என்ற வாசகத்தைப் படித்துவிட்டு, ஓர் அலுவலகத்தில் பெரியவர் ஒருவர் தன் பெயரைத் தமிழில், கட்டத்தை மீறிப் பெரிசாக எழுதினார். 'இப்படி இல்லீங்க, இங்கிலீஷ்ல' என்றார் எழுத்தர். 'பெரிசா எழுதச் சொன்னீங்களே சார்' என்றார் பெரியவர். அந்தப் பிரதியைச் சரியாக வாசித்தவர் அவர்தான். படிவம் அவரை வாசகராகக் கருதவே இல்லை. இன்னொன்று. ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்கிறவர்கள் சிறிய 'என்'னை ன-வுக்கும் பெரிய 'என்'னை ண-வுக்கும் வைத்துக்கொள்வதுண்டு. அங்கே பெரிய எழுத்து என்பது மடிந்த நாக்கு. எல்லாவற்றையும் பெரிசாக்கினால் ன, ண இரண்டும் ஒன்றாகிவிடும். கத்தும்போது முதலில் சாவது நுணுக்கம்.

எழுத்தில் இல்லாத பெரிசை நாம் அடிக்கணக்கில் பிளெக்ஸ் அடித்து ஈடுகட்டினோம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண வீட்டுப் பேனர் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மீது தண்ணீர் லாரி ஏறியது. வாழ்த்தை யாருக்குச் சொல்ல அவ்வளவு பெரிய எழுத்து? மணமக்கள் மண்டபத்துக்குள்தானே இருந்தார்கள்.

மெய்கண்டார் பிறந்த ஊர் என்று மரபு சொல்வதும் இதே பெண்ணாடத்தைத்தான். சிவஞானபோதம் 12 நூற்பா, 40 அடி. அதன் சித்தாந்தத்தோடு நமக்கு வழக்கு இருக்கலாம். ஆனால் வாசகன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று நம்பிய பிரதி அது. உரைகாரர்கள் நூற்றாண்டுகளாக அதை நெருங்கி வந்துகொண்டேயிருந்தார்கள்.

சிறுபத்திரிகைக்காரர்களான நாமும் யோக்கியமில்லை. 1970-இல் வந்த 'கசடதபற' வல்லினத்தைப் பெயரிலேயே வைத்திருந்தது. வன்மைக்குப் பருமன் தேவையில்லை என்பதற்கு அந்தப் பெயரே போதும். நாமோ வாக்கியத்துக்கு மூன்று கலைச்சொல், அதிலும் இரண்டைத் தடித்த எழுத்தில் போட்டு, எதிரில் இருக்கும் நூறு வாசகரை மைதானத்துக் கூட்டமாக்கிக்கொண்டோம். அவர்கள் எழுந்து போன பிறகு 'கேட்க ஆளில்லை' என்கிறோம். பக்கத்தில்தான் இருந்தார்கள். மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.