நகலில் படிக்கும் கோத்திக்

மேற்கத்தியக் கட்டடக்கலையின் வரலாற்றைப் படிக்கப் புகுபவர் கையில் முதலில் விழுவது பெரிய படப்புத்தகம். கிரேக்கம், ரோமானஸ்க், கோத்திக், மறுமலர்ச்சி, பரோக் என்று பாணிகள் வரிசையாக வரும், பெயர்கள் மனப்பாடமாகும். எதற்காக இப்படிக் கட்டினார்கள் என்பது மட்டும் பிடிபடாது. ஊட்டியில், அதுவும் காந்தலில் தொடங்குபவருக்கு இந்தச் சங்கடம் குறைவு. அங்குள்ள குருசடித் திருத்தலத்தில், இயேசு அறையுண்ட சிலுவையின் துண்டென்று நம்பப்படும் திருப்பண்டம் இருக்கிறது. மே 3 திருவிழாவுக்கு மலையேறி வரும் கூட்டம் தூணையும் வளைவையும் பார்க்க வருவதில்லை, அந்தத் துண்டுக்காக வருகிறது. கோத்திக் கலையின் உச்சங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் பாரிஸின் சேன்ட் ஷப்பேல் எழுந்ததும் இதே காரணத்துக்காகத்தான். ஒன்பதாம் லூயி மன்னர் முள்முடியையும் சிலுவைத் துண்டையும் வாங்கி, அவற்றை வைப்பதற்கென்றே கட்டிய கோவில் அது, 1248-ல் அர்ச்சிக்கப்பட்டது. முள்முடிக்குக் கொடுத்த விலை 1,35,000 லிவர், கோவிலுக்கு ஆன செலவு 40,000 லிவர் என்று பதிவு சொல்கிறது. பொருளின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூடப் பெறாத பெட்டகம்! மேல்தளத்துச் சுவரை ஏறக்குறைய முழுக்கக் கரைத்துவிட்டு 15 வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை நிறுத்தியது ஏன் என்பது, காந்தல் கூட்டத்தைப் பார்த்தவருக்கு உடனே விளங்கும்.

சுவரை எப்படிக் கரைத்தார்கள் என்பது அடுத்த கேள்வி. இதற்கும் விடை நீலகிரியிலேயே கிடைக்கும். தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளில் உள்ள பழைய வீட்டின் கூரை, பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்ததுபோல் தரைவரை வளைந்திறங்கும். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்ந்த கூரை அது. கட்டு அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதே வளைவைக் கல்லில் எடுத்தால், கூரையின் பாரம் பக்கவாட்டில் சுவரை வெளியே தள்ளும். ரோமானஸ்க் கோவில்களின் சுவர் தடித்து, சன்னல் சிறுத்ததற்கு இதுவே காரணம். கோத்திக் கொத்தர்கள் கூர்வளைவாலும் கல் விலாக்களாலும் அந்தப் பாரத்தைச் சில புள்ளிகளில் குவித்து, அங்கே மட்டும் வெளியிலிருந்து உதைசுவர் கொடுத்தார்கள். மற்ற இடமெல்லாம் கண்ணாடிக்கு விடுதலை கிடைத்தது.

இனி ஊட்டியின் புனித ஸ்தேவான் ஆலயத்தைப் பாருங்கள். 1829 ஏப்ரல் 23 அன்று சென்னை ஆளுநர் லஷிங்டன் அடிக்கல் நாட்டினார். கேப்டன் அண்டர்வுட் வரைபடம் போட்டார். 1831 ஈஸ்டரில் திறந்தார்கள். சதுரக் கோபுரம், கூர்வளைவுகள், சுண்ணாம்புப் பூச்சு என்று வெளித்தோற்றம் கோத்திக். உள்ளே தலைக்குமேல் கல் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையைப் பிரித்து மலைக்கு ஏற்றிய உத்தரங்களும் மரங்களும்தான் கூரையைத் தாங்குகின்றன. மரக்கூரை, கல் விதானத்தைப்போல் சுவரைத் தள்ளாது. ஆக, இங்கே கூர்வளைவுக்குப் பொறியியல் வேலை ஏதும் இல்லை. அது அணிந்துகொண்ட உடை. இதைக் குறையென்று தள்ளுவது அவசரம். அன்றைக்கு இங்கிலாந்திலும் கோத்திக்கை உடையாகத்தான் போட்டுக்கொண்டார்கள். அமைப்புக்குத் தேவையில்லாத எதுவும் கட்டடத்தில் கூடாது என்று கட்டடக்கலைஞர் பியூஜின் சண்டைக்கு வந்தது அதற்குப் பின்தான்; அவருடைய ‘கான்ட்ராஸ்ட்ஸ்’ 1836-ல் வெளிவந்தது. கலை விமர்சகர் ரஸ்கின் வெனிஸைப் பற்றி எழுதிய மூன்று தொகுதிகள் 1851-53. அந்தச் சண்டைகளின் விளைவையும் ஊட்டியிலேயே பார்க்கலாம். 1860-களில் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த நீலகிரி நூலகத்தின் உயர்ந்த கூர்வளைவுச் சன்னல், வாசிக்கும் மேசைக்கு வெளிச்சம் தர நிற்கிறது. லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் அதே சிஷோமின் கோபுரம் இத்தாலிய மணிக்கூண்டை நினைவூட்டுகிறது. உடையாக இருந்த கோத்திக் நாற்பது ஆண்டுக்குள் கொள்கையான கதை இது. லண்டனில் இதைத் தேட ஒரு வாரம் அலைய வேண்டும்.

நகலைப் பார்த்து மூலத்தைப் படிக்க முடியுமா என்று கேட்பார்கள். ஸ்தேவான் ஆலயத்தின் மேற்குச் சுவரிலேயே கடைசி இராவுணவு ஓவியம் ஒன்று இருக்கிறது. இந்தக் காட்சி என்றதும் எல்லோருக்கும் நினைவில் வருவது மிலானில் லியனார்டோ 1490-களில் தீட்டியது. ஈரப் பூச்சில் விரைந்து தீட்டும் முறை பிடிக்காமல் அவர் உலர்ந்த சுவரில் வரைந்தார். அவர் காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கியது. 1652-ல் சுவரை வெட்டி வாசல் வைத்ததில் இயேசுவின் பாதங்கள் போயின. பாதங்கள் எப்படியிருந்தன என்பதை இன்று நாம் அறிவது பழைய நகல்களால். மூலம், நகல் என்ற ஏற்றத்தாழ்வு வியாபாரிக்கு வேண்டும். படிப்பவருக்கு இரண்டும் சாட்சிகளே. எனக்கு நகல் ஒரு படி மேல் என்றுகூடத் தோன்றுகிறது. வேறு மண்ணுக்கு, வேறு மரத்துக்கு வரும்போது எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பது அதில்தான் வெளிச்சமாகிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. தோற்ற மன்னனின் அரண்மனையை உடைத்துக் கட்டிய ஆலயத்தை ரசிப்பது ஆண்டவர்களுக்குத் துதி பாடுவதாகாதா? அந்த மரம் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு ரசித்தால் ஆகும். மறக்க வேண்டியதில்லை. ஐரோப்பியக் கலை வரலாறே பிரித்துக் கட்டியதன் வரலாறு. ரோமில் கான்ஸ்டன்டைனின் வெற்றி வளைவில் உள்ள சிற்பங்களில் பல டிராஜன், ஹேட்ரியன் காலத்து நினைவுச்சின்னங்களிலிருந்து எடுத்தவை. வெனிஸின் புனித மாற்கு ஆலயத்து வெண்கலக் குதிரைகள் 1204-ல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடிக் கொண்டுவந்தவை. லூயி மன்னர் வாங்கிய முள்முடியும் அந்தச் சூறைக்குப் பின் அரியணை ஏறிய லத்தீன் அரசு, கடனில் மூழ்கி விட்டுக்கொடுத்ததே. ஊட்டியின் உத்தரங்களைப் பார்த்தவருக்கு வெனிஸின் குதிரைகளை வெறும் அழகாகப் பார்க்க வராது. அது நல்ல பயிற்சி.

எல்லாம் இங்கே கிடைத்துவிடாது என்பதும் உண்மை. வண்ணக் கண்ணாடிகள் ஸ்தேவான் ஆலயத்திலும் உண்டு, ஆனால் சுவரே கண்ணாடியாக எரியும் அனுபவத்துக்கு அவை ஈடில்லை. பரோக் என்றால் ஊட்டி கைவிரித்துவிடும். அதற்கு மலையிறங்கிப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். 1791-ல் முடிந்த சம்பா கோவிலின் முகப்பில் கீழே டோரிக் தூண்களும் மேலே அயோனிக் தூண்களும் இரட்டை இரட்டையாக நிற்கின்றன. தூணை ஏன் ஜோடி சேர்த்தார்கள் என்ற கேள்வியை அங்கே வைத்துத் தொடங்கலாம்.