குறி சொன்னவர் யார்? கொலை செய்தவன் யார்?

விதியின் மீது பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வது கொலைகாரனுக்கு எளிது, கோழைக்கு இனிது! ஷேக்ஸ்பியர் 1606-ஆம் ஆண்டையொட்டி எழுதிய 'மாக்பெத்' நாடகத்தைப் பேசுவோர் பலர் இந்த வழியைத்தான் மாக்பெத்துக்குத் திறந்துவிடுகின்றனர். "பாவம், அவன் என்ன செய்வான்? சூனியக்காரிகள் சொன்னார்கள், நடந்துவிட்டது" என்கின்றனர்.

நாடகம் அப்படியா சொல்கிறது? காடர் பிரபுவே என்று மூவரும் மாக்பெத்தை வாழ்த்துகின்றனர்; சற்று நேரத்தில் அந்தப் பட்டம் வந்தும் சேர்கிறது. ஆனால், அதற்கு முந்திய காட்சியிலேயே மன்னன் டங்கன் பட்டத்தை வழங்கி ஆணையிட்டுவிட்டானே! பிறந்துவிட்ட ஆணையைப் பின்னர் கூறுவதற்குப் பெயர் ஆரூடமா? மாக்பெத்தோடு நின்ற பாங்கோவும் குறி கேட்டவன்தான். அவன் வழியினர் அரசாள்வர் என்றே அவனுக்கும் சொல்லப்பட்டது. அவன் கத்தியோடு மன்னனின் பள்ளியறைக்குள் புகவில்லை. கேட்டவர் இருவர், கொன்றவன் ஒருவன்!

இதனை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? நாடகம் எழுந்த நாளில் இங்கிலாந்தின் அரியணையில் இருந்தவன் முதலாம் ஜேம்ஸ். ஸ்காட்லாந்தில் அவன் ஆண்டபோது, தன் கப்பல் புயலில் சிக்கியதற்குச் சூனியமே காரணம் என்று நம்பி, 1590-91-இல் ஏழைப் பெண்களைப் பிடித்து வதைத்தான். மருத்துவம் பார்த்துவந்த ஆக்னஸ் சாம்ப்சன் என்னும் பெண்ணைத் தானே விசாரித்தான். அவளுடைய கழுத்தை நெரித்து, உடலைக் கொளுத்தினர். பேய்க்கலை பற்றி 1597-இல் நூலும் எழுதினான் அந்த மன்னன்! சூனியக்காரியின் சொல்லுக்கு உண்மையான ஆற்றல் உண்டு என்று கலை காட்டினால், அந்தக் கொள்ளிக்கும் அது விறகாகிவிடும்.

இந்த உரைகல்லில் நான்கு படங்களை உரைத்துப் பார்ப்போம்.

ஆர்சன் வெல்ஸ் 1948-இல் எடுத்த படத்தில், சூனியக்காரிகள் களிமண்ணால் மாக்பெத்தின் உருவத்தைப் பிசைகின்றனர். அதற்கு முடி சூட்டுகின்றனர். இறுதியில் பொம்மையின் தலை விழுகிறது. காட்சி அழகு, கருத்து நஞ்சு! மனிதன் பொம்மையானால் கொலைக்குப் பொறுப்பாளி எவன்?

ஜப்பானியக் கலைஞர் அகிரா குரோசாவாவின் 1957-ஆம் ஆண்டுப் படத்தில் மூவர் இல்லை. காட்டுக் குடிலில் ராட்டை சுற்றும் வெண்ணிற உருவம் ஒன்றே உண்டு. அதுவோ ஆசையின் அழிவைப் பாடுகிறது. குடில் மறைந்ததும் அங்கே எலும்புக் குவியல்கள்! கொலைத் திட்டம் உருவாவது வீட்டுக்குள், கணவன் மனைவி உரையாடலில். கொல்லப்படும் தலைவனும் முன்னவனைக் கொன்றே பதவிக்கு வந்தவன். இங்கே ஆவி மிரட்டுகிறது. ஆனால் பழியை ஏற்பவன் மனிதன்தான்.

ரோமன் போலன்ஸ்கி 1971-இல் காட்டியவர்கள் இரத்தமும் சதையுமான பெண்கள். கடற்கரை மணலில் தூக்குக் கயிற்றையும் வெட்டுண்ட கையையும் புதைக்கின்றனர். பிறகு நிர்வாணக் கிழவியர் கூட்டத்தைக் காட்டி அருவருப்பூட்டுகிறார் இயக்குநர். ஜேம்ஸ் மன்னனின் கண்ணும் இப்படித்தான் பார்த்தது. எனினும் முடிவு கூர்மையானது: புது மன்னனின் தம்பி, தானாகவே அவர்களின் இடம் தேடிச் செல்கிறான். நாடகத்தில் இல்லாத இந்தக் காட்சி, குறி கேட்க அலைபவனே குறிசொல்லியை உண்டாக்குகிறான் என்பதை உணர்த்துகிறது.

விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' (2003) எல்லாவற்றையும் விஞ்சுகிறது. பம்பாயின் நிழலுலகமே களம். சூனியக்காரிகளின் இடத்தில் இரண்டு போலீஸ்காரர்கள்! பெயர்களைக் கவனியுங்கள்: பண்டிட், புரோகித். வண்டியின் கண்ணாடியில் ஜாதகக் கட்டம் வரைகிறார் ஒருவர். அதன்மேல் சுடப்பட்டவனின் இரத்தம் தெறிக்கிறது. கையூட்டு வாங்குவோரும், கும்பல்களின் பலத்தைச் சமன் செய்து ஆட்டிவைப்போரும் இவர்களே. அதிகாரத்தின் கணக்கு, ஆரூடத்தின் வேடத்தில் வருகிறது. மாயத்திரை கிழிகிறது!

சூனியக்காரியென்று பெண்ணை வதைப்பதைத் தடுக்க, பீகாரில் 1999-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது என்பதை மறவாதீர். இளைஞர்களே! இப்படங்களைப் பாருங்கள், கலையைச் சுவையுங்கள். குறி சொன்ன வாயைக் கண்டு அஞ்சாதீர். கத்தி ஏந்திய கை எவருடையது என்று கேளுங்கள்!