டெய்லரின் எண்ணும் காட்டெருமையின் எடையும்

யானை, காண்டாமிருகம், காட்டெருமை போன்ற பெருவிலங்குகளைச் சுடுவதற்கு எந்தத் தோட்டா ஏற்றது? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இந்தியாவில் இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிட்டது. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் உரிமம் பெற்ற வேட்டை இன்றும் உண்டு. அங்கே இது உயிர்ப் பிரச்சினை. குண்டு போதிய ஆழம் செல்லாவிட்டால், காயம்பட்ட விலங்கு புதருக்குள் புகுந்து நாள்கணக்கில் வதைபட்டுச் சாகும். அல்லது தேடி வருபவரைக் கொன்றுவிடும். இதற்கு விடை தருவதாக ஒரு சூத்திரம் 1948 முதல் வேட்டை நூல்களில் உலவி வருகிறது. அதை இயற்பியலின் உரைகல்லில் உரசிப் பார்ப்போம்.

சூத்திரம் இடம்பெற்ற நூல் 'ஆப்பிரிக்கன் ரைபிள்ஸ் அண்ட் கார்ட்ரிட்ஜஸ்'. ஆசிரியர் ஜான் டெய்லர். டப்ளினில் பிறந்து, ஆப்பிரிக்கக் காடுகளில் யானை வேட்டையிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவர். அவர் சொல்லும் முறை மிக எளிது. குண்டின் எடையைக் கிரெயினிலும், வேகத்தை வினாடிக்கு அடியிலும், விட்டத்தை அங்குலத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கி 7000ஆல் வகுங்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். 7000 நுழைந்த இரகசியம் அவ்வளவே. 300 கிரெயின் குண்டை 2530 அடி வேகத்தில் எறியும் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் தோட்டாவுக்கு இந்த எண் ஏறத்தாழ 40. .416 ரிக்பிக்கு 58. 500 கிரெயின் குண்டுடைய .470 நைட்ரோ எக்ஸ்பிரஸுக்கு 70க்குச் சற்று மேல்.

டெய்லர் ஏன் இப்படி ஒன்றை உருவாக்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோட்டா உற்பத்தியாளர்கள் தங்கள் சரக்கின் பெருமையை இயக்க ஆற்றலால் அளந்து விளம்பரம் செய்தார்கள். ஆற்றலில் வேகம் இருமடியாக வருவதால், இலேசான, விரைவான குண்டுகளுக்கு அந்த அட்டவணை சலுகை காட்டியது. 1935இல் வெளிவந்த .220 ஸ்விஃப்ட் தோட்டாவைப் பாருங்கள். அதன் 48 கிரெயின் குண்டு, அதாவது 3 கிராமுக்குச் சற்று மேற்பட்ட துணுக்கு, வினாடிக்கு 1250 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஆற்றல் ஏறத்தாழ 2440 ஜூல். யானைகளை வீழ்த்திய பழைய 7 மில்லிமீட்டர் தோட்டாவின் 175 கிரெயின் குண்டுக்கோ சுமார் 2800 ஜூல்தான். வேறுபாடு எட்டில் ஒரு பங்கு. ஆனால் ஸ்விஃப்டை எடுத்துக்கொண்டு யானை முன் நிற்க யாராவது துணிவார்களா? டெய்லரின் எரிச்சல் நியாயமானதே.

நோய் சரியாகக் கண்டறியப்பட்டது, மருந்துதான் கோளாறு. மாணவர்களே, ஒரு சூத்திரம் கையில் கிடைத்தால் முதலில் அதன் பரிமாணத்தைப் பாருங்கள். நிறை, வேகம், நீளம் ஆகியவற்றின் பெருக்கம் இது. உந்தத்தை நீளத்தால் பெருக்கியது. விசையுமன்று, ஆற்றலுமன்று. வேடிக்கை என்னவென்றால், பிளாங்க் மாறிலியின் பரிமாணமும் இதுவே! அதனால் காட்டெருமைக்கும் குவாண்டம் கொள்கைக்கும் உறவு ஏற்பட்டுவிடாது.

இன்னும் கொடிய சோதனை ஒன்று உண்டு. 156 கிராம் எடையும் 7.2 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள கிரிக்கெட் பந்தை ஒரு வேகப்பந்து வீச்சாளர் வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வீசுகிறார். பவுண்டு, அடி, அங்குலமாக மாற்றிப் பெருக்குங்கள். விடை ஏறத்தாழ 128! .375 ரைபிளைப்போல் மும்மடங்குக்கும் மேல்; .470ஐயும் எளிதாகத் தோற்கடிக்கிறது. டெய்லரின் கணக்குப்படி, பந்து பட்ட மட்டையாளர் யானையைவிட வலியவராக இருக்கவேண்டும்.

கேலி இருக்கட்டும். டெய்லர் பந்தை நினைத்து எழுதவில்லை. வடிவிலும் அடர்த்தியிலும் ஏறத்தாழ ஒன்றுபோன்ற, முனை மழுங்காத கெட்டிக் குண்டுகளைத் தமக்குள் வரிசைப்படுத்தவே எழுதினார். தலையில் பாய்ந்து மூளையைச் சற்றே தவறவிட்ட குண்டு யானையை எந்த அளவுக்கு மயக்கும் என்ற தம் அனுபவத்தை அந்த எண்களில் அடைத்தார். அனுபவம் உண்மையானது. அதற்கு இயற்பியல் உடை அணிவித்ததைத்தான் ஏற்க முடியவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் உடையை மட்டும் எடுத்துக்கொண்டு, குண்டு விலங்கை 'அடித்துத் தள்ளும்' வலிமை அது என்று பேசுகிறார்கள். .375 குண்டின் உந்தம் 15 கிலோகிராம் மீட்டர்/வினாடி. 700 கிலோகிராம் எடையுள்ள காட்டெருமையின் உடலுக்குள் அது முழுவதும் அடங்கினாலும், விலங்கு பெறும் வேகம் வினாடிக்கு 2 சென்டிமீட்டர். எருமை விழுகிறது என்றால், நரம்பு மண்டலம் சிதைவதாலோ இரத்த ஓட்டம் நிற்பதாலோதான் விழுகிறது, தள்ளப்பட்டு அன்று.

அப்படியானால் குண்டு உயிர்நிலையைச் சென்றடைய வேண்டும். எவ்வளவு ஆழம் செல்லும்? தசை போன்ற ஊடகத்தில் விரையும் குண்டு, எதிரேயுள்ள பொருளை விலக்கித் தள்ளுவதில் தன் உந்தத்தை இழக்கிறது. ஏறக்குறைய தன் நிறைக்குச் சமமான பொருளை விலக்கியபின் வெகுவாகத் தளர்ந்துவிடும். இது நியூட்டன் காலத்திலிருந்து வரும் தோராயம். ஆகவே ஆழத்தை முதன்மையாக நிர்ணயிப்பது, குறுக்குவெட்டுப் பரப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் பின்னால் எவ்வளவு நிறை நிற்கிறது என்பது. வேகத்தின் பங்கு மடக்கையாக மட்டுமே நுழைகிறது. வேகத்தை இரட்டித்தால் ஆழம் இரட்டிக்காது.

இப்போது கணக்கிடுவோம். ஸ்விஃப்டுக்கு 0.12 கிராம். 7 மில்லிமீட்டர் குண்டுக்கு 0.28. .375க்கு 0.27. .470க்கு 0.28. கிரிக்கெட் பந்துக்கு 0.04கூட இல்லை! ஆற்றல் அட்டவணையும் டெய்லர் எண்ணும் மறைத்த உண்மை ஒரே வரியில் வெளிவந்துவிடுகிறது. ஸ்காட்லாந்துக்காரரான பெல் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதும், பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் தோட்டாவையே பயன்படுத்தியதும் இதனால் விளங்கும். தந்தத்திற்காக நடந்த அந்தப் படுகொலை இன்று பெருமைக்குரியதன்று. ஆனால் அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளையின் இருப்பிடத்தைப் படித்தவர். ஆழம் குண்டு தந்தது. குறி அவர் கற்றது.

பெல்லைப் போல் குறி தவறாமல் சுடுபவர் எத்தனை பேர்? இங்குதான் விட்டம் பயன்படுகிறது. அகன்ற துளை, அதிகச் சிதைவு, சிறு தவறுக்கு இடம். ஆனால் இதற்கு விலை உண்டு. உந்த அழிவின்மை விதிப்படி, குண்டும் வாயுவும் பெறும் உந்தத்தை ரைபிள் பின்னோக்கிப் பெறுகிறது. .375இல் வாயுவையும் சேர்த்தால் சுமார் 20. நாலு கிலோ ரைபிள் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தோளை இடிக்கும். ஆற்றல் 50 ஜூல். குண்டின் உந்தத்தை 1.4 மடங்காக்கி .470க்குப் போனால், அதே எடையுள்ள ரைபிளில் பின்னுதைப்பு ஆற்றல் இரு மடங்காகும். அதனால்தான் .470 ரைபிள்கள் 5 கிலோ அளவில் கனக்கின்றன. பயன் சிறிது சிறிதாக ஏற, தோளின் வேதனை இருமடியில் ஏறுகிறது. உதைக்கு அஞ்சி விசைவில்லைச் சுண்டுபவரின் குண்டு எங்கே போகுமென்று எந்தச் சூத்திரமும் சொல்லாது.

1912இல் வந்த .375க்கு இன்றுவரை மதிப்புக் குறையாததன் காரணம் இந்த இடைநிலையே. டெய்லரே பல பணிக்கும் ஏற்றதென்று அதைத்தான் போற்றினார். தம் எண் அதற்கு வெறும் 40 என்று சொல்லியும்கூட! நூலில் அவருடைய சூத்திரத்தைவிட அவருடைய தீர்ப்பு மேலானது என்பேன்.

சட்டமும் இதே சிக்கலில் மாட்டியிருக்கிறது. ஜிம்பாப்வேயில் யானைக்கும் எருமைக்கும் குண்டின் விட்டம் குறைந்தது 9.2 மில்லிமீட்டர், ஆற்றல் 5300 ஜூல் என்று விதி. ஒட்டோ போக் 1905இல் உருவாக்கிய ஜெர்மானிய 9.3×62 தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 18.5 கிராம் குண்டு, 720 மீட்டர் வேகம். ஆற்றல் 4800 ஜூல்தான், எல்லையைத் தொடவில்லை. பரப்புக்குரிய நிறையைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 0.27. .375க்குக் கிடைத்த அதே எண்.